ரெண்டு சுத்து திருகிய கதை

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. "மெயின் பேனலில் ஒரு டயல் 0.9இல் இருக்கிறதாமே? அதை 1.0க்குத் திருப்பிவிட்டால் கார் சார்ஜர் பிரச்சினை தீர்ந்துவிடும். இதற்கு எதற்குக் கமிட்டி, தீர்மானம் எல்லாம்?" எழுதியவர் மூன்று வருடத்துக்கு முன் குடிவந்த இளைஞர். நல்ல பிள்ளை. பத்துப் பேர் கட்டை விரலை உயர்த்தி ஆமோதித்திருந்தார்கள்.

நான் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த டயல் அங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு அல்ல.

என் வயதுக்காரர்களுக்கு ஃப்யூஸ் கட்டை நன்றாக நினைவிருக்கும். வெள்ளைப் பீங்கான் கட்டை, நடுவில் மெல்லிய கம்பி. ராத்திரி ஃப்யூஸ் போனால் டார்ச் பிடிக்க ஒரு பிள்ளை, ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளை. வாங்கி வைத்த ஃப்யூஸ் கம்பி தீர்ந்துவிட்டால் ஒயர் துண்டு ஒன்றைச் சீவி, உள்ளேயிருக்கும் செப்பு இழைகளில் நாலைந்தை முறுக்கிப் போட்டுவிடுவோம். "இனிமே போகவே போகாது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு இறங்குவோம். வாஸ்தவம்தான், போகாது. ஏனென்றால் அதற்குப் பிறகு சூடேறி உருகப்போவது கட்டைக்குள் இருக்கும் கம்பி அல்ல, சுவருக்குள் இருக்கும் கம்பி. நான் சொல்லப்போகும் கதையும் இதேதான். கொஞ்சம் பெரிய அளவில்.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பு 1982இல் கட்டியது. 48 வீடுகள். கட்டிய காலத்தில் ஒரு வீட்டுக்கு நாலு மின்விசிறி, ஒரு ஃப்ரிட்ஜ், வசதியுள்ளவர்கள் வீட்டில் ஒரு கீசர், அவ்வளவுதான் மின்சாரச் செலவு. தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி மாதிரி மெயின் பேனல். அதற்குள் ஒரு பெரிய சர்க்யூட் பிரேக்கர். ஏர் சர்க்யூட் பிரேக்கர் என்பார்கள். நம் வீட்டு எம்.சி.பி. விரல் நீளப் பொருள். கெட்டுப்போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். இது அப்படி இல்லை. ஒரு சூட்கேஸைவிடப் பெரியது, முப்பது நாற்பது வருடம் உழைக்கக்கூடியது. அதனால்தான் அதில் 'எப்போது துண்டிக்க வேண்டும்' என்று முடிவெடுக்கும் பாகத்தைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அதை அளவு பார்த்துத் திருத்தலாம். கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். அந்தப் பாகத்துக்குத்தான் ட்ரிப் யூனிட் என்று பெயர்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் பிரேக்கருக்கு 'திஸ்ழொங்க்தர்' என்று பெயர். சேர்ந்திருப்பதைப் பிரித்துவைப்பது என்று பொருள். பேச்சு வழக்கில் ஒருவன் நிதானம் தவறிவிட்டால் அவன் 'திஸ்ழொங்க்தே' ஆகிவிட்டான் என்பார்கள். இந்தச் சொல்லுக்கு அப்புறம் வருகிறேன்.

2009 ஏப்ரலில் நான் ஓய்வு பெற்றேன். மே முதல் வாரத்திலேயே, "ரிட்டயர் ஆயிட்டீங்க, சும்மாதானே இருக்கீங்க" என்று சங்கத்துக்குச் செகரட்டரி ஆக்கிவிட்டார்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாலாம் நாள், இரவு பதினொன்றரை மணி. கீழே 'டமார்' என்று ஒரு சத்தம். 48 வீடும் இருட்டு. வாட்ச்மேன் நெம்புகோலை இழுத்துப் பிரேக்கரை மறுபடி போட்டான். ஒரு மணிக்கு மறுபடி டமார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மூன்று தடவை.

இதில் மற்றவர்களுக்கு வியர்வைதான் கஷ்டம். கீழ் வீட்டு மாமிக்கு அப்படி இல்லை. அவர் கணவருக்கு நுரையீரல் நோய். ராத்திரி முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் தூங்குவார். மின்சாரம் போனால் மெஷின் நின்றுவிடும். அவசரத்துக்குச் சின்ன சிலிண்டர் ஒன்று வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி மாமி என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், சிலிண்டர்ல கொஞ்சம்தான் இருக்கு. இன்னொரு தரம் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு தெரியல" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும். சுறுசுறுப்பானவன். பேனலைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "சார், நீல ஃபேஸ்தான் இழுத்து விடுது. இதுல ஒரு திருகு இருக்கு. ரெண்டு சுத்து கொடுத்தா அப்புறம் விழாது" என்றான்.

"விழாதுன்னு நிச்சயமா?"

"விழாது சார்."

"சரி, பண்ணு" என்றேன்.

முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். பத்து ரூபாய் தபால் தலைக்குக்கூடக் குறிப்பு எழுதாமல் அனுமதி கொடுத்ததில்லை. அன்று ஒரு வரி எழுதவில்லை. அந்த இரண்டு சுற்றை அவன் திருகியது என் வாய் வார்த்தையில்.

அதற்குப் பிறகு பிரேக்கர் விழவே இல்லை. புதுச் செகரட்டரி கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினேன். மாமி ஒரு நாள் தட்டில் வெல்ல அப்பம் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, விடியற்காலை நாலு மணிக்கு வாட்ச்மேன் எழுப்பினான். "சார், கீழே ஏதோ கருகுற நாத்தம்." போய்ப் பார்த்தால் பேனல் கதவின் பெயின்ட் ஓரிடத்தில் கொப்பளித்திருந்தது. உள்ளே நீல ஃபேஸ் கேபிளின் முனை கறுத்து, மேலே இருந்த பி.வி.சி. உறை மெழுகுவர்த்தி மாதிரி வழிந்திருந்தது. பேனலுக்கு முன்னால் முப்பது ஸ்கூட்டர்கள், எல்லாவற்றிலும் பெட்ரோல். அதற்குப் பக்கத்தில் மாடிப்படி. நாலு மாடிக்கும் ஏறி இறங்க அது ஒன்றுதான் வழி.

1975 ஜூலையில் எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தபோது அண்ணா சாலையில் நின்று அண்ணாந்து பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் காட்சி முப்பத்து நாலு வருடம் கழித்து அந்தப் படிக்கட்டடியில் என் கண் முன்னால் வந்து நின்றது. வாட்ச்மேனை விட்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போடச் சொல்லி, அவர்கள் வந்து தெருப் பெட்டியில் ஃப்யூஸைப் பிடுங்கும் வரை என் கால் நடுக்கம் நிற்கவில்லை.

அன்று மாலையே அவசரக் கூட்டம். பொருளாளர் அந்தப் பையனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கத்தினார். "யாரைக் கேட்டுடா திருகினே?" பையன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் சார்" என்றான். நான் கையிலிருந்த மினிட்ஸ் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அன்று பிரேக்கர் நிதானமாகத்தான் இருந்தது. திஸ்ழொங்க்தே ஆனது நான்தான்.

இரண்டு நாள் கழித்து, பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்த மூன்றாவது மாடிக்காரர் திரும்பி வந்தார். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் 'ஈ.பி. சார்' என்போம். அவர் யாரையும் திட்டவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பேனல் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கழற்றி வைத்த ட்ரிப் சாதனத்தைக் காட்டிப் பாடம் நடத்தினார். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

அது பழைய காலத்து டாஷ்பாட் வகை. ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒன்றாக மூன்று. ஒரு செப்புச் சுருள், அதன் வழியாகத்தான் மொத்த மின்னோட்டமும் போகும். சுருளுக்குள் ஓர் இரும்புத் தண்டு. அதன் அடிப்பாகம் எண்ணெய் நிரம்பிய சின்னக் கிண்ணத்தில் மூழ்கியிருக்கும். மின்னோட்டம் அளவைத் தாண்டினால் சுருள் காந்தமாகித் தண்டை மேலே இழுக்கும். எண்ணெய் அதை உடனே விடாது, மெதுவாகத்தான் ஏறவிடும். மேலே போய் இடித்ததும் கொக்கி விடுபட்டு, ஸ்பிரிங் மூன்று ஃபேஸையும் ஒரேயடியாகப் பிரித்துவிடும். நாங்கள் கேட்ட 'டமார்' அதுதான்.

கொஞ்சம் அதிகமானால் சில நிமிடம் பொறுக்கும். ரொம்ப அதிகமானால் சில நொடிதான். ஷார்ட் சர்க்யூட் என்றால் எண்ணெயாவது ஒன்றாவது, உடனே வெட்டும். "உங்க ஆபீஸ் மாதிரிதான் சார். சின்னத் தப்புக்கு மெமோ, பெரிய தப்புக்கு சஸ்பென்ஷன், கையாடல்னா அன்னிக்கே வீட்டுக்கு" என்றார் ஈ.பி. சார்.

கிண்ணத்தைத் திருகிக் கீழே இறக்கினால் தண்டு சுருளிலிருந்து தள்ளிப் போகும். அதை இழுக்க அதிக மின்னோட்டம் வேண்டும். பையன் செய்தது அதுதான். 360 ஆம்பியரில் இருந்த அளவு, இரண்டு சுற்றில் 450ஐத் தாண்டிப் போயிருந்தது. எங்கள் கேபிள் தாங்கக்கூடியது 380. அதாவது காவல்காரனை வாசலிலிருந்து நகர்த்தித் தெருமுனையில் நிறுத்திவிட்டோம்.

"20 சதவீதம்தானே கூடுது, அதுக்கா கேபிள் கருகும்?" என்று கேட்டேன். "மின்னோட்டம் 20 சதவீதம் கூடினா சூடு 44 சதவீதம் கூடும். 1.2ஐ 1.2ஆல பெருக்கிப் பாருங்க" என்றார். பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதோடு கேபிள் முனையில் போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் மேலும் தளர்ச்சி என்று அது ஒரு வட்டம்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்கள் யாருக்கும் தோன்றாதது. "அது சரி, நீல ஃபேஸ் மட்டும் ஏன் விழுந்தது?"

கேபிள் முனையை வெட்டிப் புது லக் போட்டு, திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, ராத்திரி பதினொரு மணிக்கு டாங் டெஸ்டரால் அளந்தார். கேபிளைக் கவ்விப் பிடித்தாலே எத்தனை ஆம்பியர் என்று காட்டும் கருவி அது. சிவப்பு 170, மஞ்சள் 195, நீலம் 390. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 252 தான். மூன்று பேர் சமமாகச் சுமந்திருந்தால் யாருக்கும் முதுகு வலித்திருக்காது.

காரணம் சென்னைவாசிகள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. மார்ச் மாதம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் சிவப்பு ஃபேஸ் போயிருந்தது. சிவப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வீட்டு வாசலில் இருக்கும் ஃபேஸ் மாற்றும் சுவிட்சை நீலத்துக்குத் திருப்பினார்கள். இன்னொரு நாள் மஞ்சளில் வோல்டேஜ் கம்மி. அவர்களில் பாதிப்பேரும் நீலத்துக்கு வந்தார்கள். போன ஃபேஸ் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. திருப்பிய சுவிட்சை யாரும் பழையபடி வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பிரேக்கர் மூன்று நாள் ராத்திரி கத்திக் கத்திச் சொன்னது இதைத்தான். நாங்கள் காரணம் கேட்காமல் அதன் வாயைக் கட்டினோம். மறுநாள் வீடு வீடாகப் போய் ஃபேஸுக்கு 16 வீடு என்று பிரித்தோம். செலவு ஒரு ரூபாய் இல்லை. மாமி வீட்டு மெஷினுக்கு மட்டும் சங்கச் செலவில் ஓர் இன்வெர்ட்டர் வைத்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அதுதான்.

ஆனாலும் ஈ.பி. சாருக்குத் திருப்தி இல்லை. மற்ற இரண்டு கிண்ணத்தையும் திறந்து காட்டினார். 27 வருட எண்ணெய், தூசி சேர்ந்து கூழ் மாதிரி இருந்தது. அப்படிக் கெட்டியானால் தண்டு ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது. நீலத்தில் இருந்ததோ நீர்த்துப் போயிருந்தது. வெயில் காலத்தில் எண்ணெய் இளகி இன்னும் சீக்கிரம் விழும். "ஒண்ணு முன்கோபி, ரெண்டு கும்பகர்ணன். இதை நம்பி 48 குடும்பம் தூங்க முடியாது" என்றார்.

பிரேக்கரின் உடம்பு நன்றாக இருந்ததால் ட்ரிப் சாதனத்தை மட்டும் எலக்ட்ரானிக் வகைக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. வீட்டுக்கு 2,500 ரூபாய். வழக்கம்போல் நாலு வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அவர்கள் வேலை செய்த விதத்தைவிட, வேலையை ஆரம்பிக்காமல் இருந்த விதம். முதலில் தெருப் பெட்டியில் ஃப்யூஸைப் பிடுங்கிப் பூட்டுப் போட்டு, சாவியைத் தங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று வேறிடத்தில் சோதித்துவிட்டு, பேனலில் மின்சாரம் இல்லை என்று பார்த்தார்கள். பிரேக்கருக்குள் இழுத்து வைத்திருந்த ஸ்பிரிங்கின் விசையை விடுவித்தார்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் அந்த ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும். பிறகுதான் கைப்பிடியைச் சுற்றி, தண்டவாளத்தில் வண்டி மாதிரி பிரேக்கரை வெளியே இழுத்தார்கள். இத்தனைக்கும் ஒரு மணி நேரம்.

சுருள், தண்டு, கிண்ணம் எல்லாம் வெளியே வந்தன. அந்த இடத்தில் ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று மின்னோட்ட டிரான்ஸ்ஃபார்மர் வளையங்கள். அவற்றிலிருந்து ஒரு சின்னப் பெட்டிக்கு ஒயர்கள். பெட்டியின் முகத்தில் டயல்கள். எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஒன்று, எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதற்கு ஒன்று, ஷார்ட் சர்க்யூட்டுக்கு ஒன்று. வளையம் 400 ஆம்பியர். முதல் டயலை 0.9இல் வைத்தால் 360. போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்த 0.9 இதுதான்.

மாட்டிய பிறகு சோதனை. வெறும் சில வோல்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைச் செலுத்தும் ஒரு கனமான கருவியைப் பிரேக்கரில் இணைத்து 720 ஆம்பியர், அதாவது வைத்த அளவைப்போல் இரண்டு மடங்கு விட்டார்கள். ஒருவர் கையில் ஸ்டாப் வாட்ச். ஃபேஸ் ஃபேஸாக மூன்று தடவை. மூன்று தடவையும், அட்டவணையில் போட்டிருந்த நேரத்துக்குள் டமார் என்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

பையன் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. கூட்டம் நடந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் மந்தைவெளி மார்க்கெட் பக்கம் இருந்த அவன் கடைக்குப் போனேன். "நான்தானே உன்னைத் திருகச் சொன்னேன், ஏன்பா சொல்லலை?" என்றேன். "நீங்க பெரியவங்க, நாலு பேர் முன்னாடி எப்படி சார் சொல்றது?" என்றான். அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். அனுமதி கொடுத்தவன் நான் என்று தேதியோடு மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொருளாளர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அவன்கிட்ட நான் சாரி சொல்லிடறேன்" என்றார். சொன்னார். ஈ.பி. சார் அந்தப் பையனைச் சும்மா விடவில்லை. படிக்கவைத்து, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தேர்வு எழுதவைத்தார். இன்று அவன் லைசென்ஸ் உள்ள ஆள். அவனிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

கீழ் வீட்டு மாமாவும் ஈ.பி. சாரும் இப்போது இல்லை. ஈ.பி. சார் தன் கையால் எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிய அட்டை இருக்கிறது. 'கேபிள் 380. டயல் 360. மாற்றுகிறவர் பெயரும் தேதியும் காரணமும் எழுதவும்.' அதற்குக் கீழே பதினைந்து வருடத்துக்கு மேலாக இடம் காலியாகவே இருக்கிறது.

இனி வாட்ஸ்அப் தம்பிக்கு. கார் சார்ஜர் ஒன்று 7 கிலோவாட் என்றால் ஒரு ஃபேஸில் ஏறக்குறைய 30 ஆம்பியர். நாலு கார் ராத்திரி ஒரே ஃபேஸில் நின்றால் 120. டயலை 1.0க்குத் திருப்பினால் உங்களுக்குக் கிடைப்பது 40. ஆனால் அதில் 20 ஆம்பியர் கேபிளுக்கு மேலே போய்விடும். கணக்கு அங்கேயே உதைக்கிறது. காரும் வேண்டும், சார்ஜரும் வேண்டும், நான் எதிரி இல்லை. மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுப்போம், புதுக் கேபிள் போடுவோம், சார்ஜர்களை மூன்று ஃபேஸுக்கும் பிரிப்போம். அதற்குப் பிறகு, லைசென்ஸ் உள்ளவர் பிரேக்கரை வெளியே இழுத்து டயலை மாற்றட்டும். முதலில் கேபிள், அப்புறம்தான் டயல்.

அட்டையில் பெயர் எழுதும் அந்த முதல் வரியை உங்களுக்காகவே வைத்திருக்கிறேன் தம்பி. பேனாவும் நானே தருகிறேன். காரண வரியில் என்ன எழுதப்போகிறீர்கள் என்பதை மட்டும் யோசித்துவிட்டு வாருங்கள்.